இணைய விரிவுரை வழியே எல்லை கடந்து இசைச் சிகிச்சை கற்பித்தல்: எதுவரை இயலும்?

நாதவெளி (சென்னை) எழுதியது:

அவையோர்க்கு வணக்கம். சென்னையில் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவொன்றில் இசைச் சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். யாழ்ப்பாணம், கோலாலம்பூர், டொராண்டோ ஆகிய ஊர்களில் வசிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இணைய வழியில் ஓர் அறிமுக விரிவுரைத் தொடரை நடத்தும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சேர்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் கருநாடக இசை பயின்றவர்கள், சிலர் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள், இயன்மருத்துவர்களும் உண்டு. எதை விரிவுரையாகச் சொன்னால் பயன்படும், எதைச் சொல்லியும் பயனில்லை என்பதை முடிவு செய்யாமல் பாடத்திட்டத்தை எழுத முடியவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இத்துறை மருத்துவமனைக் கூடங்களில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னும் அமெரிக்காவில் காயமுற்ற படைவீரர்களுக்கு வாசித்துக் காட்டச் சென்ற கலைஞர்கள், நன்றாக வாசிக்கத் தெரிவது மட்டும் அங்கே போதாது என்பதைக் கண்டார்கள். 1944இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும், 1946இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்திலும் படிப்புகள் தொடங்கியதற்கு அந்தத் தேவையே காரணம். இன்றும் அமெரிக்க இசைச் சிகிச்சைச் சங்கம் 1,200 மணி நேரக் களப்பயிற்சி இல்லாமல் ஒருவரைத் தகுதி பெற்றவராக ஏற்பதில்லை. மறுபுறம், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 2020இல் நடக்கவிருந்த உலக இசைச் சிகிச்சை மாநாடு பெருந்தொற்றால் முழுவதும் இணையத்துக்கு மாறியது. விமானச் சீட்டும் விசாவும் கிடைக்காமலேயே போயிருக்கக்கூடிய பலர் வீட்டிலிருந்தபடி மூத்த அறிஞர்களின் உரைகளைக் கேட்டார்கள். இந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

என் இப்போதைய எண்ணம் இதுதான். வரலாறு, மூளையும் இசையும் பற்றிய அடிப்படை, ஆய்வுகளை வாசிக்கும் முறை, ஒரு நோயாளியை உற்றுநோக்கிக் குறிப்பெழுதும் பழக்கம் ஆகியவற்றை எல்லை தாண்டிக் கற்பிக்க முடியும். நோயாளியோடு சேர்ந்து வாசிப்பதையும், அவர் நிறுத்தும் இடத்தில் நாமும் நிறுத்துவதையும் விரிவுரையால் கற்பிக்க முடியாது. இந்த இரண்டாவது பகுதிக்கு உள்ளூரில் யாரை நம்புவது, தொடரின் முடிவில் என்ன சான்றிதழ் கொடுப்பது ஆகியவற்றில் உங்கள் கருத்து எனக்கு வேண்டும்.

கேள்விக்குறி (மதுரை) எழுதியது:

நான் நரம்பியல் மருத்துவன். இசை கேட்பவன், ஆனால் இசைச் சிகிச்சை என்ற பெயரில் உலவும் பலவற்றை நம்பாதவன். தங்கள் திட்டத்தைக் குறித்து எனக்கு ஓர் அச்சம் உண்டு. 'இன்ன இராகம் இன்ன நோய்க்கு' என்று மருந்துச் சீட்டுப் போல எழுதப்பட்ட பட்டியல்கள் நம் ஊரில் ஏற்கெனவே ஏராளமாகச் சுற்றுகின்றன. ஆனந்தபைரவி இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று கேள்விப்பட்ட ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தால் நான் யாரை நோவது? வகுப்பறையில் சொன்ன சொல் அந்த வகுப்பறையோடு நிற்கும். இணைய விரிவுரையில் சொன்னது இரண்டு நிமிடத் துண்டாக வெட்டப்பட்டு வாட்சப்பில் குடும்பக் குழுக்களுக்குள் போய்விடும்.

ஆய்வுகளைக் கற்பிப்பதாகச் சொல்கிறீர்கள், நல்லது. அப்படியானால் சாதகமானவற்றை மட்டும் காட்டாதீர்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உடனிசைத்துச் செய்யும் சிகிச்சையைப் பற்றி 9 நாடுகளில் 364 குழந்தைகளைக் கொண்டு நடத்தி, 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் கொடுங்கள். ஐந்து மாத முடிவில், வழக்கமான கவனிப்பும் பெற்றோர் ஆலோசனையும் மட்டும் பெற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, ஆட்டிச அறிகுறிகளின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இத்துறையைச் சேர்ந்தவர்களே அவ்வளவு பெரிய ஆய்வை நடத்தித் தமக்குச் சாதகமில்லாத முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதால் அவர்கள்மீது எனக்கு மரியாதை கூடியது. அதைப் படித்த பிறகும் இப்படிப்பில் தொடர விரும்பும் மாணவரே உங்களுக்கு வேண்டிய மாணவர்.

நாதவெளி எழுதியது:

மருத்துவர் ஐயாவின் அச்சம் எனக்கும் உண்டு. இராகப் பட்டியல் எந்த விரிவுரையிலும் இடம்பெறாது. அந்த ஆய்வைக் கட்டாயம் சேர்க்கிறேன். ஆனால் அதில் அளந்தது அறிகுறிகளின் கடுமையை. தாயும் குழந்தையும் ஒருவரையொருவர் கவனிக்கும் விதம், குழந்தையின் அன்றாட வாழ்க்கைத் தரம் போன்றவற்றை வேறு அளவுகோலால் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் மாணவர்கள் விவாதிக்க வேண்டும். எதை அளந்தார்கள் என்று கேட்கப் பழகுவதே ஆய்வு வாசிப்பின் முதல் பாடம்.

விரிவுரையால் நன்றாகக் கற்பிக்கக்கூடியதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். பக்கவாதத்துக்குப் பின்னும் பார்க்கின்சன் நோயிலும் நடையைச் சீராக்கத் தாள ஒலியைப் பயன்படுத்தும் முறையை ஆய்வாளர் மைக்கேல் தாட் அமெரிக்காவின் கொலராடோவில் வளர்த்தெடுத்தார். அதில் இசைஞானத்தைவிட எண்ணுவதே முதலில் வேண்டும். நோயாளி தம் போக்கில் நடக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி, மெட்ரோனோமை (சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் கருவியை) அதே எண்ணிக்கையில் வைத்து நடக்கவிட வேண்டும். அடியும் ஒலியும் ஒன்றுசேர்ந்து நிலைத்த பிறகுதான் 5 முதல் 10 விழுக்காடு கூட்டலாம். 80 அடி வைப்பவருக்கு 84, பிறகு 88. இதை அறியாத ஆர்வலர் எடுத்த எடுப்பில் விறுவிறுப்பான பாட்டைப் போட்டு, முதியவரைத் தடுமாறச் செய்துவிடுவார். இந்தப் பாடத்துக்கு மாணவர் தம் வீட்டுக் கூடத்தில், உடல்நலத்தோடு இருக்கும் ஒருவரை நடக்கவிட்டு, பாதம் தெரியும்படி படமெடுத்து அனுப்பினால் போதும்; எண்ணிக்கை சரியா என்று நான் இங்கிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவேன்.

அவ்வாறே, நோயாளியின் அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி மெல்ல அவரை நகர்த்த வேண்டும் என்று 1940களில் மனநல மருத்துவர் ஆல்ட்ஷுலர் சொன்ன கோட்பாட்டையும் விரிவுரையில் விளக்கலாம். அழுதுகொண்டிருப்பவரிடம் போய் உற்சாகப் பாட்டைத் தொடங்கக்கூடாது என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்ததுதான். எந்தக் கணத்தில் நகர்த்துவது என்பது மட்டும் எந்தத் திரையிலும் தெரிவதில்லை.

மின்கம்பி (சிங்கப்பூர்) எழுதியது:

ஒலிப்பதிவுத் துறையில் இருப்பவன் என்ற முறையில், இணையத்தில் சேர்ந்து வாசிப்பதைப் பற்றிச் சில செய்திகள். இங்கே பலர் இதை மென்பொருள் சிக்கலாக நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அடியில் இருப்பது இயற்பியல். சேர்ந்து வாசிப்பவர்களுக்கு இடையே ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிவினாடி வரை தாமதம் இருந்தால் கை தானாகச் சரிசெய்துகொள்ளும். மேடையில் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் ஒலி நம்மை வந்தடைய ஆகும் நேரம் அதுதான். அதைத் தாண்டினால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, காலப்பிரமாணம், அதாவது வாசிப்பின் வேகம், இழுத்துக்கொண்டே போகும். ஒளியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேர்த்தூரமே 13,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், ஒருவழிக்கு மட்டும் 65 மில்லிவினாடிக்குக் குறைய வழியே இல்லை. கம்பி வளைந்து செல்லும் தூரமும், ஒலியைச் சுருக்கி விரிக்கும் நேரமும் தனி. யாழ்ப்பாணம் சென்னையிலிருந்து 400 கிலோமீட்டருக்குள் இருந்தாலும் தரவு நேர்க்கோட்டில் போவதில்லை. ஜேக்ட்ரிப், ஜாமுலஸ் போன்ற மென்பொருள்கள் ஓரளவு உதவும்; ஆனால் அவை அண்டை ஊர்களுக்கு ஏற்றவை, கண்டம் தாண்ட அல்ல.

இன்னொன்று, தம்புரா. வகுப்பு நடத்தும் செயலிகள் பேச்சுக்காக உருவாக்கப்பட்டவை. மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் எதையும் அவை மின்விசிறி இரைச்சலாக எண்ணி அமுக்கிவிடும். நீங்கள் தம்புராவை மீட்டத் தொடங்கி இரண்டொரு வினாடிகளில் மறுமுனையில் அது காணாமல் போயிருக்கும். நீங்கள் நிறுத்தி மீண்டும் தொடங்கும்போது ஒருகணம் கேட்டு, மறுபடி மறையும். ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பை இயக்கினால் இது நிற்கும். அதோடு எதிரொலி நீக்கத்தையும் அணைத்தால் ஒலி மேலும் தெளிவாகும்; ஆனால் அப்போது எல்லோரும் காதில் ஒலிப்பான் மாட்டியிருக்க வேண்டும், இல்லையெனில் ஊளைச் சத்தம் கிளம்பும். கம்பியில்லா ஒலிப்பான் தன் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும் என்பதால் கம்பியுள்ளதே நல்லது.

சொல்லோசை (கோயம்புத்தூர்) எழுதியது:

பேச்சுப் பயிற்சியாளராக என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். மின்கம்பி அவர்கள் சொன்ன தாமதம் கச்சேரிக்காரர்களின் கவலை மட்டுமன்று. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்கு 1973இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகியோர் முன்வைத்த மெல்லிசை வழிப் பேச்சுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டிய தொடரை இரண்டே சுரங்களில் இழுத்துப் பாடி, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டிவிட வேண்டும். முதலில் முனகல், பிறகு இருவரும் சேர்ந்து பாடுவது, பிறகு பயிற்சியாளர் மெல்லக் குரலைத் தாழ்த்தி விலகிக்கொள்வது, கடைசியில் கேள்விக்கு விடையாக நோயாளி தாமே சொல்வது என்று அது படிப்படியாகச் செல்லும். இதில் இரண்டாம் படியான சேர்ந்து பாடுதல் இணையத்தில் நடக்கவே நடக்காது. கையைப் பிடித்துத் தட்டுவதும் அப்படித்தான்.

ஆனால் விரிவுரை இங்கே வேறொரு பெரிய உதவியைச் செய்ய முடியும். அந்த முறை ஆங்கிலத்துக்காக வகுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அழுத்தி உச்சரிக்கும் அசையை மேல் சுரத்திலும் மற்றவற்றைக் கீழ்ச் சுரத்திலும் வைக்கிறார்கள். தமிழில் அப்படிப்பட்ட அழுத்தம் பொருளை முடிவு செய்வதில்லை. குறிலும் நெடிலும்தான் முடிவு செய்கின்றன. எல்லா அசைகளையும் ஒரே அளவில் இழுத்தால் 'படம்' பாடமாகிவிடும், 'கல்' காலாகிவிடும். ஆகவே 'தண்ணி வேணும்', 'கால் வலிக்குது', 'போதும்' போன்ற அன்றாடத் தொடர்களைக் குறில் ஒரு தட்டு, நெடில் இரண்டு தட்டு என்று பிரித்து, மேல் சுரத்தை எங்கே வைப்பது என்று மாணவர்களே ஆளுக்கொரு தொடரை எடுத்துச் செய்து பார்க்க வேண்டும். இரண்டு சுரங்களுக்கு இடையே ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழப் பொருந்தும். கருநாடக இசை படித்தவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்து நோயாளி 'தண்ணி வேணும்' என்று சொல்லும் ஓசைப்போக்கும் எங்கள் கோவை ஓசையும் ஒன்றல்ல என்பதால், பல நாட்டு மாணவர்கள் ஒரே திரையில் இருப்பது இந்தப் பாடத்துக்கு இடையூறாகாமல் நன்மையாகவே முடியும்.

பனைநிழல் (யாழ்ப்பாணம்) எழுதியது:

நான் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். மேலே எழுதியவர்களின் கருத்துகளை மதிக்கிறேன். என்றாலும் 1,200 மணி நேரக் களப்பயிற்சி என்றும், மேற்பார்வையாளர் என்றும் நீங்கள் எழுதுவதை இங்கிருந்து வாசிக்கும்போது, அந்தப் பயிற்சியை யாருக்குக் கீழ், எங்கே செய்வது என்ற கேள்விதான் எழுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் நுண்கலை மரபில் இசை கற்று வெளியேறும் பட்டதாரிகளுக்கு இங்கே குறைவில்லை. போருக்குப் பின்னான இந்த மண்ணில் தேவைக்கும் குறைவில்லை. நடுவில் வழிகாட்ட ஆள் இல்லை என்பதால்தான் இணைய விரிவுரையை நாடுகிறோம். முழுமையான பயிற்சி கிடைக்கும்வரை எதையும் தொடாதே என்று சொல்வது உங்களுக்கு எளிது.

நடைமுறையில் இங்கே பலர் கைபேசியில்தான் வகுப்பைப் பார்ப்பார்கள். இணையத் தரவுக்குக் காசு கொடுத்துத்தான் கேட்கிறோம். எனவே இரண்டு மணி நேர நேரலையைவிட, முன்கூட்டியே அனுப்பிய சிறிய ஒலிக்கோப்பும் பத்துப் பக்கக் குறிப்பும், அதன் பிறகு முக்கால் மணி நேரக் கலந்துரையாடலுமாக இருந்தால் நல்லது. நேரலையைப் படத்தோடு நடத்தியே ஆக வேண்டும் என்று சில விரிவுரையாளர்கள் பிடிவாதம் பிடிப்பது ஏனென்று எனக்கு விளங்குவதில்லை. பேசும் முகத்தைப் பார்ப்பதால் பாடம் கூடுதலாக ஏறுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தவில் என்றால் கோயில் திருவிழா. ஆனால் எறிகணைச் சத்தத்துக்குள் வாழ்ந்தவர்களில் சிலருக்கு, எதிர்பாராமல் எழும் எந்த முழக்கமும் உடம்பை விறைக்கச் செய்யும். முன்னறிவிப்பில்லாமல் மேளம் தட்டிக் குழுவை உற்சாகப்படுத்தும் பயிற்சியை வெளிநாட்டுப் பாடநூலில் இருந்து அப்படியே எடுத்துக் கற்பித்தால் விளைவு வேறாகும். சிகிச்சையில் பயன்படும் பாட்டை விரிவுரையாளர் தேர்வு செய்யக்கூடாது. அதை நோயாளியின் வீட்டாரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேள்விக்குறி எழுதியது:

பனைநிழல் அவர்களின் ஆற்றாமை நியாயமானது. அதற்காகப் பயிற்சியின் அளவைக் குறைத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். ஊரில் அறுவை மருத்துவர் இல்லை என்பதற்காக விரிவுரை கேட்டவரிடம் கத்தியைக் கொடுப்பதில்லை. மன அதிர்ச்சிக்கு உள்ளான ஒருவரிடம் பழைய நினைவைக் கிளறும் பாட்டைப் பாடிவிட்டு, அவர் நிலைகுலையும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது சிறிய தீங்கன்று. நீங்கள் எழுதிய தவில் செய்தியே என் பக்கத்துச் சான்று.

பனைநிழல் எழுதியது:

ஐயா, கத்தியோடு ஒப்பிடுவது பொருந்தவில்லை. நான் என் வகுப்பில் பிள்ளைகளோடு பாடுவதை நீங்கள் நிறுத்த முடியாது. ஒவ்வொரு நாளும் பாடிக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளை காதைப் பொத்தும்போது நிறுத்தவும், அதன் பெயரை மெட்டில் அழைத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்கவும், அதைத் திகதி போட்டு எழுதி வைக்கவும் ஒருவர் எனக்குக் கற்பித்தால் என் வேலை மேம்படும். அதை நான் சிகிச்சை என்று அழைக்கப் போவதில்லை. மன அதிர்ச்சி உள்ளவரைத் தனியே எடுத்துச் செய்யும் வேலைக்கு, எங்கள் ஆதார வைத்தியசாலைகளில் உள்ள மனநல மருத்துவரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ கூடவே இருக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் முரண் இல்லை. விரிவுரைத் தொடர் இந்த இரண்டு வேலைகளுக்கும் இடையே தெளிவான கோடு போட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இலைவெயில் (ரொறன்ரோ) எழுதியது:

அந்தக் கோடு சான்றிதழில்தான் முதலில் தெரிய வேண்டும். சான்றிதழ் என்பது எல்லை கடந்ததும் வேறு பொருள் பெறும் தாள். இங்கிலாந்தில் இசைச் சிகிச்சையாளர் என்ற பட்டப்பெயரையே சட்டம் காக்கிறது. உடல்நல, பராமரிப்புத் தொழில்களுக்கான மன்றத்தில் பதிவு பெறாதவர் அப்பெயரைப் பயன்படுத்தினால் குற்றம். இங்கே ஒன்ராறியோவில் உளவளச் சிகிச்சை கட்டுப்படுத்தப்பட்ட செயல் என்பதால், அந்த எல்லைக்குள் வேலை செய்யும் இசைச் சிகிச்சையாளர்கள் அத்தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் (இங்கே அதைக் 'கல்லூரி' என்பார்கள்) பதிவு செய்கிறார்கள். வாட்டர்லூவில் உள்ள வில்பிரட் லோரியர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முறையான படிப்பு உண்டு. நான் இந்தத் தொடரில் சேர்வது அதற்குப் பதிலாக அன்று. இந்தியாவிலும் காற்று அதே பக்கம்தான் வீசுகிறது. உளவியல் உள்ளிட்ட துணைமருத்துவப் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்டில் அறிவித்தது நினைவிருக்கும். சில நாள் இணைய வகுப்புக்குப் பிறகு 'சர்வதேசச் சான்று பெற்ற இசைச் சிகிச்சையாளர்' என்று தங்க நிறத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் ஓர் அமைப்பின் தாளை இங்கே ஒருவர் வேலை நேர்காணலுக்குக் கொண்டுபோய்க் கூசி நின்றதை அறிவேன். எனவே உங்கள் தாளில் 'அறிமுக விரிவுரைத் தொடரில் கலந்துகொண்டார். இது தொழில் செய்யும் தகுதி அன்று' என்று தமிழிலும் அந்தந்த நாட்டு மொழியிலும் அச்சிடுங்கள்.

இனி, எங்கள் பக்கத்துத் தேவை. இங்கே முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மறதி நோயோடு இருக்கும் தமிழர்கள், கற்ற ஆங்கிலத்தை மெல்ல இழந்து, தமிழை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இல்லத்தின் சிகிச்சையாளர் திறமையானவராக இருந்தாலும் அவரிடம் இருப்பவை ஆங்கிலப் பாட்டுகள். பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை கேட்டவைதான் முதுமையில் அதிகம் தங்குகின்றன என்பதால், இன்று 80 வயதாகும் ஒருவருக்கு ஏறத்தாழ 1955 முதல் 1975 வரையான பாட்டுகளைத் தேட வேண்டும். அதாவது இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையை வீடெல்லாம் கேட்ட காலம். அதிலும் ஒருவருக்குத் திரைப்பாட்டு, இன்னொருவருக்குத் தேவாரம், கிறிஸ்தவருக்குக் கீர்த்தனை, வன்னியிலிருந்து வந்தவருக்கு நாட்டுக்கூத்து மெட்டு. பாட்டைக் கண்டுபிடிப்பதற்கான கேள்விகளைத் தமிழில் எப்படிக் கேட்பது என்பதற்கே ஒரு முழு விரிவுரை ஒதுக்குங்கள். அதை எனக்குக் கற்பிக்கக்கூடியவர் எனக்கு அருகில் இல்லை, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார். இந்தத் தொடருக்கு நான் பணம் கட்டுவது அதற்காகத்தான்.

மலைச்சாரல் (கோலாலம்பூர்) எழுதியது:

நான் மாணவி அல்லேன்; ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தாய். இந்தத் துறையில் விரிவுரைகள் என்றாலே, சிகிச்சை அறையில் எடுத்த காணொளியைக் காட்டுவது வழக்கமாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். என் மகன் இங்கே ஒரு மையத்தில் மேளத்தைத் தட்டி முதன்முறையாகச் சிரித்த காணொளியை வகுப்பில் காட்டலாமா என்று கேட்டார்கள். எத்தனை பேர் பார்ப்பார்கள், எந்த நாட்டில் சேமிப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று நான் கேட்ட எதற்கும் பதில் வரவில்லை, நான் மறுத்துவிட்டேன். மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும், இலங்கையில் 2022ஆம் ஆண்டிலும், இந்தியாவில் 2023ஆம் ஆண்டிலும் இயற்றிய தனிநபர் தரவுச் சட்டங்கள் இருக்கின்றன. இருந்தாலும் இருபது கைபேசிகளில் பதிந்துபோன என் மகனின் முகத்தை எந்தச் சட்டம் வந்து திரும்ப வாங்கித் தரும்? முகத்தை மங்கலாக்கிவிடுவோம் என்கிறார்கள். பார்வை எங்கே போகிறது என்பதைப் பார்ப்பதற்குத்தானே அந்தக் காணொளி, அதை மறைத்துவிட்டு மாணவர்கள் எதைக் கற்பார்கள்?

சொல்லோசை எழுதியது:

அம்மா கேட்டது மிகவும் சரி. எங்கள் துறையில் நாங்கள் கைக்கொள்ளும் வழி ஒன்றைச் சொல்கிறேன். உண்மையான நோயாளியின் பதிவுக்குப் பதிலாக, அனுபவமுள்ள இரு பயிற்சியாளர்கள் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் சிகிச்சையாளராகவும் நடித்துப் பதிவு செய்து, அதை நிறுத்தி நிறுத்திக் காட்டலாம். நடிப்பு என்பதால் ஒரே நிகழ்வைத் தவறாகவும் சரியாகவும் இரண்டு விதமாகச் செய்து காட்ட முடியும். உண்மைப் பதிவில் அந்த வசதி கிடையாது. உண்மைப் பதிவு தேவைப்படும் இடத்தில், அந்தந்த ஊர் மேற்பார்வையாளர் தம் அறையிலேயே, தம் கணினியிலேயே மாணவருக்குக் காட்டட்டும். கோப்பு எல்லை தாண்ட வேண்டியதில்லை, அதைப் பற்றிய பேச்சு தாண்டினால் போதும்.

நாதவெளி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பாடத்திட்டத்தை இப்படித் திருத்துகிறேன். வாரந்தோறும் முன்கூட்டியே ஒலிக்கோப்பும் குறிப்பும் அனுப்பிவிட்டு, நேரலையைக் கலந்துரையாடலுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். ஆய்வு வாசிப்பு, நடைக்குத் தாளம் வைத்தல், தமிழ் அசைகளுக்கு ஏற்ற பேச்சுப் பயிற்சித் தொடர்கள், முதியவரின் பாட்டைக் கேட்டறிதல் ஆகியவை விரிவுரையில் அமையும். தமிழ் அசைப் பகுதியைச் சொல்லோசை அவர்களும், பாட்டைக் கேட்டறியும் பகுதியைப் பனைநிழல் அவர்களும் நடத்திக் கொடுத்தால் நான் மாணவனாக உட்கார்ந்து கேட்பேன். உண்மைக் காணொளி எதுவும் என் கணினியிலிருந்து வெளியே போகாது. சான்றிதழில் இலைவெயில் அவர்கள் கேட்ட வாசகம் மேலேயே பெரிய எழுத்தில் இருக்கும்.

சேர்ந்து வாசிப்பதை இணையத்தில் நடத்த முயலப்போவதில்லை. அதற்காக ஒவ்வோர் ஊரிலும் இருவர் இருவராக மாணவர்களைச் சேர்த்துவிட்டு, நேரில் சந்தித்து வாசித்து, இருவரும் தனித்தனியே குறிப்பெழுதி அனுப்பும்படி கேட்கிறேன். ஒரே நிகழ்வைப் பற்றி இருவர் எழுதிய குறிப்புகள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கிருந்துதான் எங்கள் கலந்துரையாடல் தொடங்கும். டொராண்டோவில் இருவர் கிடைத்துவிட்டார்கள். கோலாலம்பூரில் ஒருவர்தான் இருக்கிறார் என்பதால் அங்கே இன்னொருவரைத் தேடுகிறேன்.

நேரலை இந்திய நேரம் மாலை 7 மணிக்கு என்றால் யாழ்ப்பாணத்திலும் அதே 7 மணி, கோலாலம்பூரில் இரவு 9.30, டொராண்டோவில் கோடைக்காலத்தில் காலை 9.30. சனிக்கிழமை யாருக்கேனும் இயலாதெனில் இந்த வாரத்துக்குள் தெரிவியுங்கள்.

இலைவெயில் எழுதியது:

சனி எங்களுக்குச் சரி. ஆனால் நவம்பர் தொடக்கத்தில் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். அதன் பிறகு உங்கள் மாலை 7 மணி எங்களுக்குக் காலை 8.30. அட்டவணையில் இப்போதே குறித்துவிடுங்கள்.

மின்கம்பி எழுதியது:

முதல் வகுப்புக்கு முந்தைய நாள் அரை மணி நேரம் ஒலிச்சோதனைக்கு ஒதுக்குங்கள், நான் இணைந்துகொள்கிறேன். கைபேசியிலிருந்து வருபவர்களுக்கு அந்த 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பு வேறிடத்தில் இருக்கும் என்பதால் படத்தோடு ஒரு குறிப்பு எழுதி இந்த இழையிலேயே இடுகிறேன். பனைநிழல் அவர்களுக்குத் தம்புரா ஒலியைத் தனிக் கோப்பாக அனுப்புவது மேல். நேரலை அறுந்தாலும் சுருதி அவர்கள் கைபேசியில் ஓடிக்கொண்டிருக்கும். எந்தக் கட்டையில் (சுருதி அளவில்) வேண்டும் என்று சொல்லுங்கள்.

பனைநிழல் எழுதியது:

பெண்பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை, எனக்கு ஒன்றரை. இரண்டையும் அனுப்பிவிடுங்கள், கோப்பு சிறியதாக இருந்தால் நல்லது.